கணக்கப்பிள்ளைக்கு எந்தக் கதவு?

முதலில் ஒன்று. என்னை மேடம் என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் எல்லாருக்கும் மிஸ்தான், கன்டீனில் பிளேன்டீ ஊற்றுகிறவர் உட்பட. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் மேடமாகிவிட நான் என்ன மந்திரியின் மனைவியா?

இரண்டாவது, கெமரா, வெளிச்சம், வெட்டி ஒட்டுவது எதைப் பற்றியும் இன்றைக்குப் பேசப் போவதில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். நீங்கள் தொலைக்காட்சிக்கு நகைச்சுவை எழுத வந்திருக்கிறீர்கள். ஓர் ஆளை மேடையில் நிறுத்தி, சனத்தை அவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிற வேலை. நிறுத்தியது யாரை என்று தெரியாமலே அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை வத்தேகமவில் எங்கள் பதிவு மண்டபத்தில் ஒரு மத்தியானம் பார்த்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

'அடுத்த டோக்கன்' தொடரை உங்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று முன்வரிசைப் பிள்ளை சற்று முன்பு சொன்னாள். நல்லது தாயே, அந்தப் பாவமும் என் தலையில் விழட்டும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். செத்தவர்கள் மேலே போகிறார்கள். போய்ப் பார்த்தால் அங்கேயும் நம்முடைய அரசாங்கக் கச்சேரி மாதிரியே ஒரு கந்தோர், ஆபீஸ். டோக்கன் எடுக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், 'சேர் டீக்குப் போயிட்டார்' என்பதைக் கேட்க வேண்டும். கடைசியில் ஒரு கிளார்க்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், அவர் நாலு கேள்வி கேட்டுவிட்டு மணியை அடிப்பார். பச்சைக் கதவு திறந்தால் சொர்க்கம். சிவப்புக் கதவு திறந்தால் மற்றது.

கடவுளைக் காட்டவே மாட்டோம். என்னை வேலைக்கு எடுத்த தயாரிப்பாளர் போட்ட சட்டம் அது. "கடவுளக் காட்டினா நாலு சமயத்து ஆளும் சேர்ந்து நம்மள அடிப்பாங்க. கிளார்க்கக் காட்டு, நாலு சமயத்து ஆளும் சேர்ந்து கிளார்க்க ஏசுவாங்க" என்பார். அவர் சொன்னபடியே நடந்தது. கிளார்க்காக நடித்த நியாஸ் நானா கடுகண்ணாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவர். சிரிக்கவே தெரியாத முகம். கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்கள்கூட 'எனக்கு எந்தக் கதவு நானா?' என்று கேட்டுத் தொல்லை கொடுப்பார்கள். "முதல்ல ஆணிக்கு எந்தச் சுவர் என்டு செல்லுங்க" என்பாராம்.

எழுதுகிற மேசையில்தான் உண்மையான கூத்து. தெருநாய்க்கெல்லாம் சோறு போட்ட ஒரு பெண், வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளையைப் பட்டினி போட்டவள். எந்தக் கதவு? ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்த ஒருவர், குழாயைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதி வைத்தவர். எந்தக் கதவு? நல்லது செய்தால் போதுமா, நல்ல எண்ணத்தோடு செய்ய வேண்டுமா என்று கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டை கட்டிவிடும். வீட்டுக்குப் போயும் விடமாட்டேன். பருப்பில் உப்பில்லை என்று சொல்ல வாயெடுத்த என் வீட்டுக்காரர், "இதச் சொன்னா எனக்கு எந்தக் கதவு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் சாப்பிட்டார்.

அவர்கள் எல்லாம் நாங்கள் உண்டாக்கிய ஆட்கள். சிவப்பில் தள்ளினாலும் பச்சையில் தள்ளினாலும் அழுவதற்கு அவர்களுக்கு ஒருவரும் இல்லை.

இனி கணக்கப்பிள்ளைக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை எடை பார்த்து, ஆட்களுக்குப் பேர் போடுகிறவர்தான் கணக்கப்பிள்ளை. முழு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள்தான் வேலை செய்தாய் என்று அர்த்தம். கொழுந்தில் ஈரம் இருக்கிறது என்று சொல்லி எடையில் ஒன்றிரண்டு கிலோவை வெட்டிவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். இது மலையில் எல்லாருக்கும் தெரிந்த வயிற்றெரிச்சல். அப்படி ஒரு கணக்கப்பிள்ளை செத்து மேலே வருகிறார், வந்தவர் அங்கேயும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற மாதிரி, பெரட்டுக் கூப்பிட்டு மேகங்களை வரிசையில் நிற்கச் சொல்கிறார். இதுதான் கதை. முடிவில் சிவப்புக் கதவு.

நடித்தவன் யோகராஜ். நாங்கள் யோகு என்போம். கண்டி டவுனில் புடவைக்கடையில் வேலை, ஹந்தானைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன். ஒத்திகையில் அவன் செய்ததைப் பார்த்து நாங்கள் கதிரையிலிருந்து விழாத குறை. குடையைப் பின்பக்கம் சட்டைக் கொலரில் மாட்டிக்கொண்டு வருவான். தராசைப் பார்ப்பான். ஒரு வறட்டு இருமல். பிறகு ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே, "ஈரக்கொழுந்து! வெட்டு!"

"எங்கயிருந்துடா புடிச்ச இந்த ஆள?" என்று கேட்டேன்.

"எங்க தோட்டத்துக் கணக்கப்புள்ள மிஸ். அச்சு அசல் அப்படியேதான். பெறகு அவரு குடும்பத்தோட டவுனுக்குப் போயிட்டாரு. நீங்க ஒண்ணு செய்யுங்க மிஸ், எங்க ஆளுகள பஸ்ஸில கூட்டிட்டு வாங்க. மண்டபமே அதிரும் பாருங்க."

சிரிப்பு சத்தத்தை வேறு எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவது எனக்கு ஆகாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஊரிலிருந்து ஒரு பஸ் ஆட்களை அழைத்துவந்து, மாலு பணிஸும் டீயும் கொடுத்து உட்கார வைப்போம். சிரிப்பு வந்தால் சிரிப்பார்கள், வராவிட்டால் அது எங்கள் தலைவிதி. அப்படித்தான் யோகுவின் தோட்டத்துக்கும் சொல்லி அனுப்பினோம். அங்கே பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், பொறுப்பாக இருந்த சாந்தினி டீச்சர்தான் ஆட்களைச் சேர்த்து பஸ்ஸில் கூட்டிவந்தார். டவுனிலிருந்து தினமும் தோட்டத்துக்குப் போய் வருகிறவர். இரண்டாம் வரிசையில், நடுவில், வெள்ளைச் சேலையில் உட்கார்ந்தார். டீச்சர்மார் வெள்ளை கட்டுவது வழக்கம்தானே என்று நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

விளக்கு போட்டோம். நியாஸ் நானா "அடுத்த டோக்கன்" என்றார். யோகு கொலரில் குடையோடு நுழைந்தான். ஒரே ஒரு சிரிப்பு எழும்பியது, எழும்பிய வேகத்தில் நின்றது. யோகு இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்தான். இருமினான். எங்கும் ஒரு சத்தமில்லை. பிள்ளைகளே, சிரிப்பு வராத மண்டபம் எனக்குப் பழக்கம். சனம் கொட்டாவி விடும், போனைப் பார்க்கும். இது அப்படி இல்லை. எல்லாரும் மேடையை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் வந்து என் காதுக்குள் சொன்னார். "மிஸ், அந்தக் கணக்கப்புள்ள போன மாசம் தவறிட்டாரு. டீச்சர் அவரோட மக."

யோகு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து நாளாகிவிட்டதால் அந்தச் சாவும் தெரியாது, மகள் வந்திருப்பதும் தெரியாது. டவுனில் எங்கோ இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அந்த மனுஷனுக்குக் கருமாதி முடிந்த கையோடு அவருடைய மகளுக்கு முன்னால் அவரைச் செத்தவராக நடித்துக்கொண்டிருந்தான். அதுவும் இருமலோடு.

கெமராவை நிறுத்தச் சொன்னேன். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒன்று வரும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது, டிவி சனல் மனேஜர். விஷயத்தைச் சொன்னேன். "அட, இதுக்கா? பச்சக் கதவத் தொறந்துட்டு முடிங்க மிஸ். செத்தவரும் சொர்க்கத்துக்குப் போனார், மகளும் சந்தோஷம், எங்களுக்கும் எப்பிசோட் ஓகே" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நிமிஷம் எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

கீழே இறங்கி டீச்சரிடம் போனேன். கையைப் பிடித்து, மன்னிக்க வேண்டும், தெரியாமல் நடந்துவிட்டது, இதோடு நிறுத்திவிடுகிறோம் என்றேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் இறுகிப் போயிருந்தது.

"நிப்பாட்டாதீங்க மிஸ்" என்றார். "எங்கப்பாவ எங்க அனுப்பப் போறீங்க? அத மட்டும் சொல்லுங்க."

சிவப்பு என்று எழுதியிருப்பதை எந்த வாயால் சொல்வது? "இன்னும் முடிவு பண்ணல டீச்சர், பச்சையா மாத்திரலாம்னு..." என்று இழுத்தேன்.

"பச்சையா? எந்த ஊரு நியாயம் மிஸ் இது?"

கேட்டது கடைசி வரிசையிலிருந்து. பாக்கியம் அக்கா என்று தோட்டத்தில் எல்லாரும் கூப்பிடுகிற பெண், என் வயதுதான் இருக்கும். எழுந்து நின்றுவிட்டார். அவ்வளவுதான், மண்டபம் இரண்டாகிவிட்டது. "செத்தவர விடுங்க" என்று சிலர். "நம்ம வயித்துல அடிச்ச ஆளுக்கு சொர்க்கமா?" என்று சிலர். யோகு மேடையில் குடையோடு நின்று அழுதுகொண்டிருந்தான்.

டீச்சர் எழுந்தார். குரல் பின்வரிசைவரை கேட்டது. "மண்ணு சரிஞ்ச அன்னைக்குப் புள்ளக்காம்பராவுக்குள்ள ஓடிப்போயி புள்ளைகளத் தூக்கிட்டு வந்தது யாரு? எங்கப்பாதானே?"

"ஆமா" என்றார் பாக்கியம் அக்கா. "அதுல ஒண்ணு என் மகன். இன்னைக்கும் நான் மறக்கல. அதே ஆளுதான் டீச்சர், எங்க வீட்டுக்காரரு செத்து, அந்த வாரமே நான் மலைக்குப் போயி அழுதுக்கிட்டே பறிச்ச கொழுந்த ஈரம்னு வெட்டி அரப்பேரு போட்டாரு. அதையும் நான் மறக்கல."

"வெட்டச் சொன்னது தொரை. அப்பா என்னாங்க செய்வாரு? வேலைய விட்டுட்டு எங்களப் பட்டினி போடச் சொல்றீங்களா?"

"சொன்னது தொரைதான். எனக்குத் தெரியாதா? ஆனா சிரிச்சிக்கிட்டே வெட்டுனது ஒங்கப்பா."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எழுத்து மேசையில் மாதக்கணக்கில் கத்திய கேள்வியெல்லாம் அந்த இரண்டு பேச்சுக்குள் இருந்தது. ஒரு நாள் செய்த பெரிய நல்லது பல வருஷத்துச் சின்னக் கொடுமையை அழிக்குமா? மேலே இருப்பவன் செய்யச் சொன்னதைச் செய்தவனுக்கு எவ்வளவு பங்கு? எங்களுக்கு அது வசனம். அவர்களுக்கு ஒருத்தியின் அப்பா, இன்னொருத்தியின் கூலி. சிவப்புக் கதவைத் திறந்தால் மகள் அந்தத் தோட்டத்தில் இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? பச்சைக் கதவைத் திறந்தால் பாக்கியம் அக்காவின் அழுகையை நாங்களும் ஒருமுறை ஈரம் என்று வெட்டியவர்கள் ஆவோம். இரண்டு கதவும் எனக்கு அடைபட்டுவிட்டது.

அப்போதுதான் நியாஸ் நானா கிளார்க் கதிரையிலிருந்து எழுந்து, மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ், ஒரு விஷயம் செல்லட்டா?" என்றார். "எங்கட ஆக்கள்ல ஒருத்தர் மவுத்தானா, அடக்கம் செய்ய முந்தி, தொழுவிக்கிற எடத்துல மகன் எழும்பி நின்டு சனத்துக்கிட்ட கேக்கணும். 'என்ட வாப்பா ஒங்களுக்கு ஏதாச்சும் நோவினை செஞ்சீந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க' என்டு. ஏன் தெரியுமா? மனுசனுக்குச் செஞ்ச பிழைய, அந்த மனுசன் மன்னிக்காம மேல ஈக்கிறவன் மன்னிக்கிறல்ல. அப்பிடித்தான் எங்களுக்குச் செல்லித் தந்தீக்கி. நாங்க இவ்வளவு நாளும் நாடகத்துல பிழையான ஆள்ட்ட கேட்டுட்டு ஈக்கிறோம். கிளார்க்குக்கு என்ன தெரியும்?"

"நீங்களும் கேட்டீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"கேட்டேன். பள்ளியில எல்லாரும் 'மாப்பு, மாப்பு' என்டாங்க. ஒரு ஆள் மட்டும் ஏலாது என்டார். சனம் முழுக்கக் கேக்க."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யிற? வாப்பாவ அடக்கிட்டு அவர்ட வீட்டுக்குப் போன. கதவு தொறக்கல்ல. திரும்பவும் போன. இப்ப ஒவ்வொரு நோன்புக்கும் அந்த வீட்டுல இருந்து எங்களுக்குக் கஞ்சி வருது. மாப்புச் செஞ்சேன் என்டு இன்னும் வாயால செல்லல்ல, நானும் கேக்கிறல்ல. கஞ்சி நல்லா ஈக்கும்."

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்றைக்கு வந்த முதல் உண்மையான சிரிப்பு அதுதான்.

டீச்சர் மெதுவாகத் திரும்பி, மேடைக்கு முதுகைக் காட்டி, தன் ஆட்களைப் பார்த்து நின்றார். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. "எங்கப்பா வீட்டுல எங்களுக்கு நல்ல அப்பா. மலையில எப்படி இருந்தாருன்னு எனக்குக் கொஞ்சந்தான் தெரியும். நீங்க சொல்லுங்க. நான் கேக்குறேன்" என்றார்.

சொன்னார்கள். ஒவ்வொருவராக. நான் கெமராக்காரரைப் பார்த்து ஒன்றையும் தொடாதே என்று கை காட்டினேன். சனல் ஆட்கள் பிறகு அதற்காக என்னைக் கிழித்தார்கள். 'எப்படிப்பட்ட காட்சி மிஸ், விட்டுட்டீங்களே' என்றார்கள். விட்டதுதான். அது எங்களுக்குச் சொன்னது இல்லை. வெட்டிய கிலோக்களைச் சொன்னார்கள். பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்ததற்குத் திருப்பி அனுப்பியதைச் சொன்னார்கள். ஒருவர், காய்ச்சலில் கிடந்தபோது கணக்கப்பிள்ளை தன் வீட்டிலிருந்து கஷாயம் கொடுத்தனுப்பியதையும் சொன்னார். டீச்சர் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் ஓய்ந்ததும் நியாஸ் நானா தன் கிளார்க் குரலை எடுத்து, "அப்ப பாக்கியம் அக்கா, இந்தக் கந்தோருக்கு நீங்கதான் இப்ப பெரியவங்க. ஆள என்ன செய்ய?" என்று கேட்டார்.

"எரிக்கவெல்லாம் வேணாம் ஐயா" என்றார் பாக்கியம் அக்கா. " ஒரு நாளைக்கு மலைக்கு அனுப்புங்க. கூடையத் தலையில மாட்டிக்கிட்டு மழையில பறிக்கட்டும். சாயங்காலம் கொண்டாரட்டும். நிறுக்கிறது நாங்க."

அவ்வளவுதான். கூரை பிய்ந்துவிடும் போலச் சிரித்தார்கள். "ஈரக்கொழுந்து! வெட்டு! வெட்டு!" என்று பின்வரிசை முழுக்கக் கத்தியது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு யோகுவும் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"அப்படியே எடுங்க மிஸ்" என்றார். "அடுத்த வாரம் எடுங்க, நான் வந்து இதே எடத்துல உக்காருவேன். ஆனா தராசு புடிக்கிறது பாக்கியம் அக்காவா இருக்கணும். வேற யாரும் வேணாம்." பிறகு யோகுவிடம் போனார். அவன், அவர் காலில் விழாத குறையாகக் கும்பிட்டான். "நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும் யோகு. அப்பா மாதிரியே செய், ஒண்ணையும் மாத்தாத. அந்த இருமல் மட்டும் வேணாம். கடைசியில அதுலதான் போனாரு."

அன்றைக்குத் திரும்பிப் போகையில் டீச்சர் பஸ்ஸில் முன்னால், சாரதிக்குப் பக்கத்துச் சீட்டில் தனியாக உட்கார்ந்து போனார். மற்றவர்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. காட்சியை எழுதினேன். கணக்கப்பிள்ளை கொழுந்து பறிக்கிறார், நிறுக்க வருகிறார், தராசு முள் சரியாக முழுப்பேர் கோட்டில் நிற்கிறது. பாக்கியம் அக்கா அவரைப் பார்த்துச் சிரித்து, "ஈரக்கொழுந்து! வெட்டு!" என்கிறார். அரைப்பேர். முடிவு. சனல் மனேஜர் போனிலேயே உருண்டு புரண்டு சிரித்தார். எழுதினது நியாயமான வசனம் என்றுதான் எனக்கும் பட்டது. பட்டவர் திருப்பிக் கொடுக்கிறார், இதில் என்ன பிழை? ஆனாலும் இரண்டாம் வரிசையில் உட்காரப் போகிற பெண்ணை நினைக்கும்போதெல்லாம் தாளை எடுத்துத் திரும்பப் படித்தேன். அந்த வசனம் வந்தால் அவர் எழுந்து போய்விடுவார், தோட்டத்து வேலையையும் விட்டுவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அதைக் கேட்கத்தான் வருகிறார் என்றும் தோன்றியது.

பாக்கியம் அக்காவுக்கு வசனத்தைச் சொல்லிக் கொடுத்தேன். தலையை ஆட்டினார். மேடையில் இருந்த பிளாஸ்டிக் கொழுந்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயா மிஸ் நிறுக்கச் சொல்றீங்க? நான் நிறுக்கணும்னா நெசக் கொழுந்து வேணும்" என்றார். நல்ல வேளையாக அவரே ஒரு சாக்கில் கொண்டுவந்திருந்தார். மண்டபம் முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசம்.

பதிவு தொடங்கியது. யோகு அன்றைக்கு நடித்ததுபோல நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கொலரில் குடை, தலையில் கூடை. பறிக்கத் தெரியாமல் பறித்தான், வழுக்கினான், எழும்பினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் அவருக்கும் உதடு கோணியது.

யோகு பறித்ததைச் சாக்கில் கொட்டி, தூக்கித் தராசில் மாட்டினான். முள் ஆடி ஆடி, கோட்டில் வந்து நின்றது. பின்வரிசை தயாராக இருந்தது. "ஈரக்கொழுந்து..." என்று இரண்டு மூன்று பேர் முந்திக்கொண்டு தொடங்கியும் விட்டார்கள். பாக்கியம் அக்கா கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். குனிந்து முள்ளைப் பார்த்தார். சாக்குக்குள் கையை விட்டு, கொஞ்சம் கொழுந்தை எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், நடிக்கவில்லை. நிமிர்ந்து நியாஸ் நானாவைப் பார்த்துச் சொன்னார்.

"எட சரியா இருக்கு. முழுப்பேரு போடுங்க."

அது நான் எழுதிய வசனம் இல்லை. நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிக்கத் தெரியாத முகத்தோடு, "முழுப்பேர்" என்று சத்தமாகச் சொல்லி மணியை அடித்தார். எந்தக் கதவைத் திறப்பது என்று கதவுக்குப் பின்னால் இருந்த ஆளுக்கு விளங்கவில்லை, ஒன்றையும் திறக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவுமில்லை. சாந்தினி டீச்சர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். நானும் அழுதேன். மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன், எல்லாரும் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

அதை அப்படியே ஒளிபரப்பினோம். சிரிப்பில்லாமல் முடிகிற நகைச்சுவையா என்று மனேஜர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டேன். அதற்குப் பிறகு எங்கள் கிளார்க் மணியடிக்க முன்பு, "இவரைப் பத்தி யாரக் கேக்கணும்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டார். கதவு திறக்கப் பிந்தியது. கதை நன்றாக வந்தது.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஓர் ஆளைச் சொர்க்கத்துக்கோ மற்றதுக்கோ அனுப்ப எழுதும்போது, இரண்டாம் வரிசையில் அவர் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோய் இனிப்பாக எழுதச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் பாக்கியம் அக்காவும் இருக்கிறார். இரண்டு பேரும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் இன்னொரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

இரண்டாவது பதிவு முடிந்து பஸ் புறப்படும்போது படியில் வைத்துப் பாக்கியம் அக்காவைக் கேட்டேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு. "அப்ப, மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"அப்படியெல்லாம் எழுதிப்புடாதீங்க மிஸ்" என்றார் வெடுக்கென்று. "எட சரியா இருந்துச்சு. இருந்தத இருந்துச்சுன்னு சொன்னேன். நாங்க அவரு மாதிரி வெட்டுவோம்னு நெனச்சீங்களா?"

ஏறிப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். டீச்சர் போன வாரம் போலவே முன்சீட்டுக்குப் போகப் பார்த்தார். பாக்கியம் அக்கா எழுந்து ஜன்னல் பக்கத்தைக் காலி செய்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"டீச்சர்! அங்க எங்க போறீங்க? இங்க வந்து ஜன்னலோரம் உக்காருங்க. ஏத்தத்துல ஒங்களுக்கு வாந்தி வரும்ல."